இரண்டு குழிகளுக்கு நடுவில்

புல்லிமோர் பண்ணை, அட்டில்விக்
2023 செப்டம்பர் 4, திங்கள்

நெவில்,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். தடுக்காவிட்டாலும் போனில் பேசினால் உனக்குப் பாதிதான் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம். இதில் அக்கா தம்பிப் பாசம் எதுவும் இல்லை, பயப்படாதே.

இரண்டு வருஷமாக நான் புல்லிமோர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அவருக்கு எண்பத்தாறு வயது. குளிப்பாட்டுவது, சமைப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் நான்தான். தங்குவதும் இங்கேயே, பின்பக்கத்து அறையில். போன வெள்ளிக்கிழமை, பார்லி அறுத்த வயலைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தார், கூட்டிப் போனேன். கையுறைக்குள் பார்லி முள் புகுந்து குத்துகிறதென்று வயலோரம் நின்று அதைக் கழற்றி உதறு உதறென்று உதறினார். சாயங்காலம் பார்த்தால் விரலில் மோதிரம் இல்லை. பச்சைக் கல் வைத்த மெல்லிய தங்க மோதிரம். விரல் இளைத்துப்போய் சோப்பு போட்டாலே வழுக்கி வரும். வயலில்தான் விழுந்தது, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வயலுக்குப் போனதே அவருக்கு ஞாபகம் இல்லை.

"எங்கம்மா வயலுக்கே போகலைங்கறாங்களே" என்கிறாள் மகள் பிலிப்பா. இரண்டு நாள் முட்டி போட்டுத் தேடினேன். வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவள், "நல்லாத்தான் நடிக்கிறே" என்றாள்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை அவள் புருஷன் ஜைல்ஸ் அந்த வயலை உழுகிறான். உழுதால் மோதிரம் போனது போனதுதான். அதற்கடுத்த திங்கட்கிழமை போலீசுக்கு எழுதிக்கொடுப்பாளாம். அப்படி ஒரு புகார் என் பேரில் ஏறினால் இனி எந்தக் கிழவர் வீட்டு வாசற்படியும் என்னை ஏற்றாது. ஐம்பத்தொன்பது வயதில் வேலையும் போய், தங்க இடமும் போய், திருடி என்கிற பெயர் மட்டும் மிஞ்சும்.

உன்னிடம் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. வா.

ஜேனிஸ்


மில் லேன், ரெட்டன்ஹாம்
செப்டம்பர் 6

ஜேனிஸ்,

கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாகக் காற்று. தக்காளிப் பந்தல் விழுந்துவிட்டது.

அட்டில்விக் ஒன்பது மைல்தான், வருவது பெரிய காரியமில்லை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி அது மந்திரக்கோல் அல்ல. மெல்லிய தங்க மோதிரத்துக்கும் பீர் டப்பாவின் இழுப்பு மூடிக்கும் அந்தக் கருவி கொடுக்கிற குரல் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசத்தைப் பிரிப்பது காது. என் காது லட்சணம் உனக்குத் தெரியும். கருவியில் இருக்கிற ஸ்பீக்கர் எனக்குக் கேட்காது, ஹெட்போன் வேண்டும். பழைய ஹெட்போனின் வயர் முள்வேலியில் மாட்டி அறுந்துபோனது. அதனால் ஆகஸ்டில் ஒரு வயர்லெஸ் வாங்கினேன். வயர் கால்சட்டைப் பொத்தானில் சிக்குவது, குனிந்தால் மண்வெட்டியில் மாட்டுவது எதுவும் இல்லை. சுகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆகஸ்ட் முழுக்க ஐந்து வயல் நடந்தேன், கிடைத்தது இரண்டு பித்தளைப் பொத்தான். வயல் காலியா, என் காது காலியா என்று தெரியவில்லை. இந்த நிலையில் என்னை நம்பி நீ இறங்காதே. எங்கள் டிடெக்டர் கிளப்பில் டெரெக் இருக்கிறான், அவனைக் கேள்.

தவிர, நமக்கு நடுவில் அந்த விஷயம் இருக்கிறது. அதை நான் திரும்பக் கிளறப் போவதில்லை.

நெவில்

பி.கு: எந்த இடத்தில் உதறினார்? வேலிக் கம்பம் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா?


அட்டில்விக்
செப்டம்பர் 7

நெவில்,

நீ கிளறமாட்டாயா? நான் கிளறுகிறேன்.

2019 கிறிஸ்துமஸ். அப்போது எனக்கிருந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை. தலையில் காகிதக் கிரீடத்தோடு உட்கார்ந்துகொண்டு, கட்டைவிரல் நகம் அளவு பொற்காசு ஒன்றை எல்லாருக்கும் காட்டினாய். எட்வர்ட் மன்னர் காலத்தது, வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும் என்றாய். மறுநாள் அது காணோம். "உன் வீட்டுலதானே போச்சு, நீதானே மேஜையைத் துடைச்சே" என்று கேட்டாய். குப்பை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன், வான்கோழி எலும்பைக்கூட விடாமல் பிரித்துப் பார்த்தேன். அது போதாதென்று ஜனவரியில் கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாய். என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும். "சொந்த அக்காவே கை வச்சுட்டா, வேற யாரை நம்பறது?" முப்பது பேர் கேட்டார்கள்.

அந்த முப்பது பேரில் ஜைல்ஸும் ஒருத்தன். போன வாரம் பிலிப்பா என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "உன் கூடப் பொறந்தவனே உன்னைத் திருடின்னு சொல்லியிருக்கான். நான் சொன்னா மட்டும் கோபம் வருதோ?" வெறும் வாயை மென்றவளுக்கு நீ அவல் கொடுத்திருக்கிறாய். இப்போது காது சரியில்லை, காற்று அடிக்கிறது என்கிறாய்.

டெரெக் மகள் வீட்டுக்கு வேல்ஸ் போயிருக்கிறான், மாதக் கடைசியில்தான் வருவான். கேட்டுவிட்டேன்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஓக் மரத்திலிருந்து மூன்றாவது கம்பம். பிலிப்பா சம்மதித்துவிட்டாள், ஆனால் ஒரு நிபந்தனை. அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன்: "மோதிரத்தைத் தம்பி கையில குடுத்துட்டு, அவன் மண்ணுலேருந்து எடுக்கற மாதிரி நாடகம் போடுவே. அவன் இடத்தைக் காட்டட்டும். தோண்டறது நான். நீ கேட்டுக்கு வெளியிலயே நிக்கணும்."

நீ குனிந்து மண்ணைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இடத்தைச் சரியாகக் காட்டு, அது போதும்.

ஜேனிஸ்


ரெட்டன்ஹாம்
செப்டம்பர் 11

ஜேனிஸ்,

கேட்டுக்கு வெளியே நீ நின்றதைப் பார்த்தேன். கை அசைக்கத் தோன்றியது, அசைக்கவில்லை. அங்கிருந்து உனக்கு எவ்வளவு தெரிந்ததோ தெரியாது, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது கம்பத்தைச் சுற்றி இருபதடி சதுரத்தை வரிவரியாக நடந்தேன். ஒன்பது இழுப்பு மூடி, ஒரு துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பாகம். ஒவ்வொன்றுக்கும் பிலிப்பா கைக்கரண்டியோடு குனிந்து தோண்டினாள். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பதற்றம் கொடுத்தது, கருவியின் அடியில் இருக்கிற தட்டை வேகமாக வீச ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு கம்பத்திலிருந்து நாலடியில் ஒரு சத்தம் வந்தது. சின்னது, வழவழப்பானது, ஓரம் தேயாத சத்தம். வலது பக்கம் வீசினேன், "இங்கே" என்று கொடி குத்தினேன். அவள் தோண்டினாள். ஒன்றும் இல்லை. திரும்ப வீசினேன். இடது பக்கம் வரும்போது சத்தம் இரண்டு சாண் தள்ளி இந்தப் பக்கம் கேட்டது. அங்கேயும் தோண்டினாள். அங்கேயும் மண்தான். மறுபடி வீசினால் மறுபடி பழைய இடத்தில் கத்துகிறது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நிலைக்கிற சத்தம் காசு, நிலைக்காத சத்தம் இரும்பு. வளைந்த ஆணி இப்படித்தான் நாலு பக்கமும் நின்று ஏமாற்றும். "ஆணி, விட்டுடுங்க" என்றேன். அவள் கைமண்ணைத் தட்டிவிட்டு, "உங்க அக்காகூட இவ்வளவு நேரம் நடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பது வருஷமாக இந்த விதி என்னை ஏமாற்றியதில்லை. மோதிரம் அந்த வயலில் இல்லை, ஜேனிஸ். எனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றினால் சொல். எங்கே இருக்கிறது?

நெவில்


அட்டில்விக்
செப்டம்பர் 12

எங்கே இருக்கிறதா? என் வயிற்றுக்குள் இருக்கிறது. அறுத்துப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். போடாததற்கு ஒரே காரணம் நேற்று மத்தியானம் நடந்தது. பிலிப்பா அம்மாவுக்கு டிவி கேட்க வயர்லெஸ் ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். அதை மாட்டிக்கொண்டு வினாடி வினா பார்த்துக்கொண்டிருந்த புல்லிமோர் அம்மா, விழுந்து விழுந்து சிரித்தார். "ஜேனிஸ், இந்த ஆளைப் பாரேன், வாயை மூடினப்புறம் பேசறான்!" வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். நிஜம்தான். உதடு அசைந்து முடிந்த பிறகு குரல் வருகிறது. வாங்கின கடைக்கு போன் போட்டுக் கேட்டேன். "அது பாட்டுக் கேக்கறதும்மா. பாட்டுக்குக் கொஞ்சம் லேட்டானா தெரியாது. டிவிக்குன்னா சத்தம் தாமதிக்காத ஜாதி வேற இருக்கு, அதைத்தான் பாத்து வாங்கணும்" என்றார்.

உன்னுடையது எந்த ஜாதி நெவில்?

எனக்கு உன் தொழில் தெரியாது. ஆனால் தட்டு மோதிரத்தைத் தாண்டிப் போன பிறகு உன் காதில் சத்தம் வந்தால், வலது பக்கம் வீசும்போது வலது பக்கம் தள்ளித் தெரியும், இடது பக்கம் வீசும்போது இடது பக்கம் தள்ளித் தெரியும். நீயே உன் கையால் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். இரண்டு குழி தோண்டினீர்களே, இரண்டு குழிக்கும் நடுவில் இருக்கிற மண்ணை யாராவது தொட்டீர்களா?

இன்னொன்று. வயர் அறுந்ததால் புதிது வாங்கினேன் என்று எழுதினாய். பூட்ஸ் கயிறு அறுந்தால் முடிச்சுப் போடுகிறவன் நீ. அந்த ஹெட்போனில் ஏற்கெனவே நாலு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஐந்தாவது சுற்று சுற்றத் தெரியாமலா அவசர அவசரமாகக் கடைக்குப் போனாய்? இது பொய். ஏன் பொய் என்று எனக்குத் தெரியவில்லை, இப்போது அதற்கு நேரமும் இல்லை.

ஜேனிஸ்


ரெட்டன்ஹாம்
செப்டம்பர் 13

ஜேனிஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. நாற்பது வருஷமாக வயலில் நிற்கிறவனுக்கு டிவி பார்க்கிறவள் பாடம் எடுக்கிறாள் என்று இரண்டு தடவை தேநீர் போட்டுக் குடித்தேன். பிறகு புல்வெளியில் ஒரு காசை வைத்து, கண் முன்னால் அதைப் பார்த்துக்கொண்டே தட்டை வீசினேன்.

தட்டு காசைத் தாண்டி ஒரு சாண் போன பிறகுதான் சத்தம் வருகிறது. திரும்பி வீசினால் மறுபக்கம் ஒரு சாண். கண்ணை மூடிக்கொண்டால் ஒரு காசு இரண்டாகிவிடுகிறது. மெதுவாக வீசினால் வித்தியாசம் கொஞ்சம்தான், பதறி வீசினால் சாண் கணக்கில் ஓடுகிறது. ஆகஸ்ட் முழுக்க எத்தனை நல்ல சத்தத்தை இரும்பு என்று விட்டுவிட்டு நடந்தேனோ. என் காது செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காது சரியாகத்தான் இருந்திருக்கிறது, சத்தம்தான் தாமதமாக வந்திருக்கிறது.

கிளப்பில் வயர்லெஸ் போடுகிறவர்கள் எல்லாம் கருவிக்கென்றே செய்ததை வாங்குவார்கள். சின்னப் பெட்டி ஒன்றை டிடெக்டரில் செருகவேண்டும், சத்தம் அந்தக் கணமே காதில் இருக்கும். இது தெரியாதவன் இல்லை நான். டெரெக் வாங்கும்போது பக்கத்தில் நின்று, "பேஸ் சவுண்டு முக்கியமில்ல, பேட்டரி முக்கியமில்ல, தாமதம் எவ்வளவுன்னு கேளு" என்று சொன்னதே நான்தான். எனக்கு வாங்கும்போது மட்டும் எதையும் கேட்கவில்லை. எதிரில் தொங்கியதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பழையதைக் கண்ணில் படாமல் வைத்தால் போதும் என்றிருந்தது.

வயர் அறுந்தது பொய்தான். ஏன் என்று இப்போது கேட்காதே. பழையதை எடுத்துக்கொண்டு வருகிறேன். பிலிப்பாவிடம் இன்னொரு தடவை கேள். வெள்ளிக்கிழமை வரட்டுமா?

நெவில்


செப்டம்பர் 14, வியாழன், ஐந்து மணி

நெவில்,

இதைத் தபாலில் போட நேரமில்லை, சைக்கிளில் வந்தேன். பத்து நிமிஷம் கதவைத் தட்டினேன், பின்பக்கம் தோட்டத்தில் உன் தொப்பி தெரிகிறது, கூப்பிட்டாலும் உனக்குக் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதின சங்குதான். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து தோளைத் தட்டியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. கதவு இடுக்கில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை மழை என்று ஜைல்ஸ் உழவை முன்னே தள்ளிவிட்டான். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு டிராக்டர் இறங்கும். பிலிப்பா முதலில், "ஒரு தடவை முட்டாளாக்கினது போதும்" என்றாள். கடைசியில் சம்மதித்தது என் பேச்சுக்காக இல்லை, சீக்கிரம் என்னைப் பிடித்துக்கொடுக்கலாம் என்றுதான். "அவன் காட்டற இடத்துல ஒரே ஒரு குழி. இல்லைன்னா திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்கமாட்டேன், நாளைக்கு மத்தியானமே போலீசைக் கூப்பிடறேன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு குழி, நெவில். பதினோரு மணிக்கு வா.

ஜே.


ரெட்டன்ஹாம்
செப்டம்பர் 16

ஜேனிஸ்,

மழை பிடித்துக்கொண்டது. ஜைல்ஸ் கணக்கு சரி.

மோதிரம் கிடைத்ததை நீ பார்த்தாய். பிலிப்பா மண்ணுக்குள் கையை விட்டபடி, "ஐயோ" என்று கத்தினது கேட்டுக்கு வெளியே உனக்கும் கேட்டிருக்கும். முந்தின இரண்டு குழிக்கும் சரியாக நடுவில், டிராக்டர் டயர் ஏறி அழுத்தின பள்ளத்துக்கு அடியில், மூன்று விரல் ஆழம். பழைய ஹெட்போனில் சத்தம் வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை. வைத்த இடத்தில் நின்றது. ஆனாலும் கொடி குத்த எனக்குக் கை வரவில்லை. பதினொன்றே முக்கால் வரைக்கும் அதே இடத்தில் வீசிக்கொண்டே இருந்தேன். டிராக்டர் வேறே வேலியோரம் உறுமிக்கொண்டு நின்றது.

அப்புறம் நீ கேட்டைத் திறந்து உள்ளே வந்தாய். நான் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தாண்டிக் காருக்குப் போய்விட்டேன். நன்றி சொல்ல வந்தாயா, திட்ட வந்தாயா என்று நின்று கேட்கவில்லை. கேட்கமுடியாததற்குக் காரணம் இந்தக் கடிதத்தோடு, பருத்திப் பஞ்சில் சுற்றி, மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது. இதற்கு மேல் படிக்குமுன் அதைத் திறந்து பார்.

ஏப்ரலில், அந்தப் பழைய ஹெட்போனின் வலது காது மெத்தையை மாற்றலாம் என்று பிரித்தேன். கிழிசலுக்குள் விரலை விட்டேன், அது இருந்தது. அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் சாயங்காலம் சட்டைப் பை ஓட்டை என்று, காரில் கிடந்த ஹெட்போனின் கிழிசலில் நானே என் கையால் செருகினேன். நாலு கிளாஸ் ஷெர்ரி உள்ளே போயிருந்தது, காலையில் சுத்தமாக மறந்துபோயிற்று. மூன்று வருஷத்துக்கு மேல் அதைக் காதிலேயே மாட்டிக்கொண்டு வயல் வயலாக நடந்திருக்கிறேன். கிளப் கூட்டத்தில் உன்னைப் பற்றிச் சொன்ன அன்றைக்கும் அது என் கழுத்தில்தான் தொங்கியது.

ஏப்ரலிலேயே எழுதியிருக்கவேண்டும். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். "காசு கிடைத்துவிட்டது" என்பதற்கு அடுத்த வரி வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். ஹெட்போனைப் பரணில் போட்டேன், கடையில் கண்ணில் பட்டதை வாங்கினேன். அந்தப் புது ஹெட்போனை நம்பித்தான் கடிதத்தில் உன்னை "எங்கே இருக்கிறது" என்று கேட்டேன். எந்த முகத்தோடு கேட்டேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன். காசை நீ வைத்துக்கொள். விற்றாலும் சரி, குளத்தில் எறிந்தாலும் சரி.

நெவில்


அட்டில்விக்
செப்டம்பர் 20

நெவில்,

நாலு நாள் உன் கடிதத்தைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வாளியைக் கவிழ்த்து வான்கோழி எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்த நான்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தேன். பாவி, உன் காதிலேயே இருந்திருக்கிறதே.

பிலிப்பா இனிப்புப் பண்டம் செய்து கொண்டுவந்து வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "தப்பா நெனைச்சுட்டேன்" என்றாள். நான் சரி என்றேன். புல்லிமோர் அம்மா மோதிரத்தைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கே போயிருந்துச்சு?" என்று கேட்டார். "ஒரு சாண் தூரந்தான் போயிருந்துச்சு" என்றேன். இப்போது அதில் நூல் சுற்றி விரலுக்கு இறுக்கமாக்கிவிட்டேன்.

காசைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குத் திருடி என்று பெயர் வாங்கித் தந்ததை என் அறை அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாயா? உன் காசு, நீயே வைத்துக்கொள். மன்னிப்பையும் நீ எனக்கு எழுதவேண்டியதில்லை. நீ என்னைப் பற்றிச் சொன்னது கடிதத்தில் இல்லையே.

அக்டோபர் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை கிளப் கூட்டம். டெரெக் வேல்ஸிலிருந்து திரும்பியிருப்பான், ஜைல்ஸும் வருவான். அன்றைக்கு எந்த நாற்காலியிலிருந்து எழுந்து சொன்னாயோ அதே நாற்காலியிலிருந்து எழுந்து, காசைக் கையில் தூக்கிப் பிடித்து, அது எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும். அந்தப் பழைய ஹெட்போனையும் கொண்டு வா, கிழிசலைக் காட்டு. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சத்தமாகச் சொல். உனக்குத்தான் காது சரியில்லை, எனக்கு நன்றாகக் கேட்கும்.

ஜேனிஸ்